தோற்றவர் யார், தோற்கடித்தது எது?

1

ஜெயிக்க வேண்டிய மேட்ச்சில் தோற்றுவிட்டு வருகிற எந்தக் கல்லூரி அணியிடமும் காரணம் கேட்டுப் பாருங்கள். கைவசம் நாலைந்து வைத்திருப்பார்கள். ரெப்ரி அந்தப் பக்கத்து ஆள். தரை வழுக்கியது. போர்டுக்கு அடியில் நிற்க உயரமான ஆள் இல்லை. கடைசி அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டது. ஃப்ரீ த்ரோ ஒன்றுகூட உள்ளே விழவில்லை. எல்லாமே உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு காரணத்தை மட்டும் திருச்சியிலும் சரி, காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்திலும் சரி, யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. பஸ் ஏறி ஹாஸ்டல் வந்து சேர்ந்த பிறகு, ராத்திரி மொட்டைமாடியில் நம்ம பசங்க நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது மட்டும் அது வெளியே வரும்.

"இதுக்கும் சாதியா? உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சாதிதானா?" என்று கேட்கிற முற்போக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். ஆமாம் தோழர்களே, பார்க்கிறோம். இருக்கிறதால பார்க்கிறோம். அதன் மேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது நாற்காலி மாதிரி. அவன் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அடியில் கிடக்கிறவனுக்கு நாலு காலும் தெரியும்.

ஒரு அணி மூன்று இடத்தில் தோற்கிறது. ஆள் எடுக்கிறபோது ஒருமுறை. பந்தை யாருக்குக் கொடுப்பது என்கிறபோது ஒருமுறை. தோற்ற பிறகு பழியை யார் தலையில் போடுவது என்கிறபோது மூன்றாம் முறை. இந்த மூன்றாவது, அடுத்த வருஷத்துத் தோல்விக்கான விதை. இதைக் கடைசியிலிருந்து பார்ப்போம். பழி போடுகிற நேரத்தில்தான் சாதி கூச்சமில்லாமல் தன் சொந்தக் குரலில் பேசுகிறது.

2

2021 ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்கு வந்திருந்தது. எதிரே அர்ஜென்டினா. இரண்டாவது நிமிஷத்திலேயே குர்ஜித் கவுர் கோல் போட்டார். இந்தியா முன்னிலை. ஜெயித்திருக்கக்கூடிய ஆட்டம்தான். 18ஆவது நிமிஷத்திலும் 36ஆவது நிமிஷத்திலும் அர்ஜென்டினாவின் பாரியோநுவேவோ பெனால்டி கார்னரிலிருந்து இரண்டு கோல் அடித்தார். 2-1 என்று இந்தியா தோற்றது. விளையாட்டு நிருபர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: பெனால்டி கார்னரைத் தடுக்கவில்லை, பதில் கோல் போடவில்லை.

ஆனால் ஹரித்வார் பக்கத்தில் ரோஷ்னாபாத் என்கிற ஊரில் வேறு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. அணியின் முன்கள வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் ஆதிக்க சாதி ஆட்கள் வந்து வெடி வெடித்தார்கள். ஆடினார்கள். சாதி சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் ஜாஸ்தி, அதனாலதான் தோத்துச்சு என்று கத்தினார்கள். குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு ஆனது. கைதும் நடந்தது.

இந்த வெடிச் சத்தத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். தன் நாடு தோற்றதற்கு எவனாவது வெடி வெடிப்பானா? தேசபக்தி, தேசபக்தி என்று நம்மிடம் சான்றிதழ் கேட்கிற சாதி அது. அதற்கு நாடு தோற்றதைவிட, சேரிப் பெண்ணின் தோல்வி இனித்தது. நாட்டின் பதக்கம் போனாலும் பரவாயில்லை, இவள் ஜெயித்துவிடக் கூடாது. இதுதான் அந்தச் சத்தத்தின் பொருள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்த அணி லீக் சுற்றில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. நெதர்லாந்திடம் 5-1, ஜெர்மனியிடம் 2-0, பிரிட்டனிடம் 4-1. மூட்டை கட்ட வேண்டிய நிலை. பிறகு அயர்லாந்தை 1-0 என்று வென்றது. ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவோடு வென்றே தீர வேண்டிய ஆட்டம். 4-3 என்று இந்தியா ஜெயித்தது. அந்த நாலு கோலில் மூணு கோல் வந்தனா கட்டாரியாவுடையது. ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அவர் அந்த மூணு கோலை அடிக்காமல் இருந்திருந்தால் அரையிறுதியில் தோற்கிற யோக்கியதைகூட இந்த நாட்டுக்கு வந்திருக்காது. தோல்விக்குக் காரணம் இவர்தான் என்கிறான். அந்த இடம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியது யாரு? அதைக் கேட்டால் வாயில் கொழுக்கட்டை.

அந்த வருஷம் மே மாதத்தில் அவருடைய அப்பா இறந்துபோனார். பெங்களூர் பயிற்சி முகாமில் இருந்த மகளால் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போக முடியவில்லை. அப்பா வேலை பார்த்தது ஹரித்வார் பெல் நிறுவனத்தில். நம்ம திருவெறும்பூர் பெல் கேட்டில் ஷிப்ட்டு முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற அப்பாக்களை நமக்குத் தெரியும். அப்படி ஒரு அப்பா. அவர் செத்த வீட்டு வாசலில் மூணு மாசத்துக்குள் வெடி.

2022இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 2025 ஏப்ரலில் 320 சர்வதேச ஆட்டங்களும் 158 கோல்களும் ஆடி முடித்து ஓய்வு பெற்றார். அன்றைக்குப் பத்திரிகைகள் வாழ்த்தின. கோல் அடித்தால் அவள் பாரதத்தின் மகள். தோற்றால் அவள் இன்ன சாதி. வெற்றியை வரவு வைக்க ஒரு பேரேடு, தோல்வியைப் பற்று எழுத இன்னொரு பேரேடு. இரண்டையும் எழுதுகிற கை ஒன்றே.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. அதே 2021இல், ஜூலை 11 அன்று லண்டனில் ஐரோப்பியக் கால்பந்து இறுதி ஆட்டம். இங்கிலாந்து பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றது. ராஷ்போர்டு, சாஞ்சோ, சாகா என்று கோலைத் தவறவிட்ட மூணு பேரும் கறுப்பர்கள். ராத்திரியோடு ராத்திரியாக நிறவெறி வசவு கொட்டியது. மான்செஸ்டரில் ராஷ்போர்டின் சுவரோவியத்தை அசிங்கப்படுத்தினார்கள். இன்னும் பின்னால் போனால் 1950. பிரேசிலில் உலகக் கோப்பை. கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் 2-1 என்று பிரேசில் தோற்றது. டிரா ஆகியிருந்தாலே கோப்பை அவர்களுக்கு. பழி முழுக்க கறுப்பரான கோல்கீப்பர் பார்போசா மேல் விழுந்தது. 2000இல் சாகும் வரை அவரை விட்டு அது இறங்கவில்லை. பதினோரு பேர் ஆடிய ஆட்டத்துக்கு ஐம்பது வருஷம் தண்டனை அனுபவித்தது முக்கியமாக ஒருவர்.

3

இப்போது முதல் இடத்துக்கு வருவோம். ஆள் எடுக்கிற இடம். "களத்துல சாதி கிடையாது, திறமை மட்டும்தான்" என்று சொல்கிற வாத்தியார்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவர்களுக்குப் பல்வங்கர் பாலுவின் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் எந்த ஐபிஎல் டீம் என்று கேட்பார்கள். அவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்.

பாலு சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் மைதானம் பராமரிக்கிற வேலை. வலையில் துரைமார்களுக்குப் பந்து போட்டுப் போட்டு இடது கைச் சுழலில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஆனார். வெள்ளைக்காரனை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் பூனா இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. எப்படி? மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொடுவார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் டீ. சாப்பாட்டுக்குத் தனி இடம். பந்துக்குத் தீட்டு இல்லை, டம்ளருக்குத் தீட்டு. என்ன சாஸ்திரமோ!

1911இல் இந்திய அணி இங்கிலாந்து போனது. சுற்றுப்பயணம் முழுக்கத் தோல்வி மேல் தோல்வி. ஆனால் பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். இவரைக் கேப்டன் ஆக்கினார்களா? கடைசிவரை இல்லை. வருஷா வருஷம் உயர்சாதிக்காரன் கேப்டன், பந்து போடுகிறவர் பாலு. பிறகு சண்டை போட்டுத்தான் நிலைமை மாறியது. பாலுவின் தம்பிகளும் ஆட்டக்காரர்கள். 1920இல் அவர்கள் இந்த அநியாயத்தைக் கண்டித்து அணியிலிருந்து வெளியேறினார்கள். அதன் பிறகே பாலு துணைக் கேப்டன். 1923இல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். இந்து அணி ஐரோப்பியரை ஜெயித்தது. கொடுத்தது கருணையால் இல்லை. கேட்டார்கள், வெளியேறினார்கள், கிடைத்தது. (அதே பாலுவை 1937 தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியதும் வரலாறு. அம்பேத்கர் ஜெயித்தார். நம்ம ஆளை வைத்தே நம்ம ஆளை அடிக்கிற ஆட்டம் பழசு.)

கூடைப்பந்துக்கே வருவோம். 1891இல் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உண்டாக்கிய ஆட்டம். நம்ம ஊருக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. அந்த அமெரிக்காவிலேயே மிசிசிப்பி மாநிலக் கல்லூரி அணி ஒன்று இருந்தது. 1959, 1961, 1962 என்று மூன்று வருஷம் தன் வட்டாரத்தில் முதலிடம் பிடித்தது. தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. மூன்று முறையும் போகவில்லை. ஏன்? அங்கே எதிரணியில் கறுப்பு மாணவர்கள் இருப்பார்கள். அவர்களோடு ஒரே தரையில் ஆடக் கூடாது என்பது அந்த மாநிலத்தின் எழுதாத சட்டம். 1963இல் கோர்ட்டுத் தடை கையில் வந்து சேர்வதற்குள் மாநில எல்லையைத் தாண்டி ஒளிந்து ஒளிந்து போய் ஆடினார்கள். நாலு கறுப்பர்களை முதல் ஐந்தில் இறக்கிய லயோலா அணியிடம் 61-51 என்று தோற்றார்கள். லயோலா அந்த வருஷம் கோப்பையையே வாங்கியது.

கவனியுங்கள். அந்த மூன்று வருஷமும் அவர்களைத் தோற்கடித்த எதிரணி எது? எதுவும் இல்லை. பந்தைத் தொடாமலே தோற்றார்கள். வெறுப்பு அவர்களைத் தோற்கடித்தது. மூன்று வருஷம் முன்னாடி போயிருந்தால் ஜெயித்திருக்கக்கூடும். வெள்ளைத் தோல் சுத்தமாக இருந்தது, அலமாரி காலியாக இருந்தது.

1966 மார்ச்சில் இன்னொரு பாடம். டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐந்து கறுப்பர்களை முதல் ஐந்தாக இறக்கி, ஒரு கறுப்பரும் இல்லாத கென்டக்கியை இறுதி ஆட்டத்தில் 72-65 என்று வென்றது. கென்டக்கி கோச் ரப் சாதாரண ஆள் இல்லை. அந்தக் காலத்தின் பெரிய பெயர். தன் ஊர்க் கறுப்புப் பிள்ளைகளை ஒதுக்கி வைத்துவிட்டு எத்தனை வியூகம் வரைந்தாலும் அது பாதி ஊரை வைத்து ஆடுகிற ஆட்டம்தான்.

4

நம்ம ஊருக்கு வருவோம்.

ஸ்ரீரங்கத்துக்கு ஒரு கதை உண்டு. திருப்பாணாழ்வார் உறையூர்ப் பாணர். காவிரியின் தென்கரையில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார். அவர் கோயில் பக்கம் வரக் கூடாது. லோகசாரங்கர் என்ற பட்டர் திருமஞ்சனத்துக்குத் தண்ணி எடுக்க வருகிறார். தள்ளிப் போ என்கிறார். பாட்டில் லயித்திருந்தவருக்குக் காதில் விழவில்லை. பட்டர் கல்லை எடுத்து எறிகிறார். நெற்றியில் ரத்தம். பிறகு ரங்கநாதன் கனவில் வந்து, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வா என்று பட்டருக்குக் கட்டளை போட்டானாம். தூக்கிப் போனார்களாம். உள்ளே போன பாணர் சாமியோடு கலந்து மறைந்துவிட்டாராம்.

இந்தக் கதையில் தோளை மட்டும் கொண்டாடுகிறார்கள். நாம் கல்லையும் கேட்க வேண்டியிருக்கிறது. தோளில் தூக்கியது மரியாதைக்கா, அவர் கால் அந்த மண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்கா? உள்ளே போனவர் ஏன் திரும்பி வரவில்லை? விளையாட்டில் நம்ம ஆட்களுக்கு நடப்பதும் இதே கதைதான். கரையில் நிற்கிறபோது கல். கோப்பை வந்தால் தோள். அப்புறம் ஆள் காணாமல் போவார்.

ஏழு பிராகாரம் போட்டுச் சாதியைத் தெருவாகப் பிரித்து வைத்த ஊர் அது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரொம்ப யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், செத்துப்போன தலித் கிறிஸ்தவனையும் மற்றவனையும் சுவர் வைத்துப் பிரித்த ஊர் திருச்சி. அந்தச் சுவருக்கு எதிராக எத்தனையோ போராட்டம் நடந்தது. பிணத்துக்கே தனி இடம் என்றால் பேஸ்கட்பால் கோர்ட்டில் மட்டும் சமத்துவம் எங்கிருந்து குதிக்கும்?

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் திருச்சியில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், எந்தக் கல்லூரி பெயரைப் போட்டாலும் பொருந்தும். நான் அந்த அணியில் பெஞ்சு. ஆதிதிராவிடர் விடுதியிலிருந்து இரண்டு பேர் அணியில் இருந்தோம். இன்னொருத்தன் லால்குடிப் பக்கம். அவனை லால்குடி என்றே கூப்பிடுவோம். ஊரில் தென்னை மரத்தில் சைக்கிள் ரிம்மைக் கட்டிப் பழகியவன். இருபதடி தூரத்திலிருந்து எறிந்தால் பத்துக்கு ஆறு விழும். முதல் ஐந்தில் அவனை எடுக்காமல் இருக்க முடியவில்லை. எடுத்தார்கள். பந்து மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

அப்போதெல்லாம் இருபது நிமிஷம், இருபது நிமிஷமாக இரண்டு பாதி. மண்டல இறுதி ஆட்டம். முதல் பாதியில் ஒன்பது பாயின்ட் முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் நான் பெஞ்சில் உட்கார்ந்து வேறு வேலை இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷத்தில் லால்குடிக்கு வந்த பாஸ் நாலு. அதில் இரண்டு, கொடுத்தவன் கீழே விழப் போகிற நேரத்தில் வேறு வழியில்லாமல் எறிந்தது. இடது மூலையில் அவன் கையை விரித்துக்கொண்டு தனியாக நிற்கிறான். கேப்டன் பார்க்கிறான், பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்புகிறான். கேப்டன் பெரிய நிலக்காரர் வீட்டுப் பையன். தலைமுறை தலைமுறையாகச் சேரிக்காரனிடம் பொருளை எறிந்து பழகிய கை. கையில் கொடுத்துப் பழக்கமில்லை.

எங்கள் கோச்சுக்கு இரண்டு வருஷமாகப் புரியாதது எதிரணிக் கோச்சுக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்தது. டைம் அவுட் வாங்கி, லால்குடியைக் காவல் காத்த ஆளை அங்கிருந்து நகர்த்திவிட்டார். "அவன விடு, அவனுக்குப் பந்து வராது" என்று அவர் சொன்னது எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அந்த ஆளும் சேர்ந்து கேப்டன் மேல் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். இப்போது நாங்கள் நாலு பேர், அவர்கள் ஐந்து பேர். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள சின்ன களத்தில் ஒரு ஆள் குறைந்தால் மறைக்க முடியாது. கேப்டனிடமிருந்து பந்தைப் பிடுங்கினார்கள், ஓடினார்கள், போட்டார்கள். ஒன்பது பாயின்ட் கரைந்தது. கடைசியில் ஒரு பாயின்ட் பின்னால். நேரம் முடிய நாலு விநாடி. எல்லா வழியும் அடைத்த பிறகு பந்து லால்குடி கைக்கு வந்தது. இரண்டு பேர் அவன் மேல் பாய, அங்கிருந்தே எறிந்தான். வளையத்தில் பட்டு வெளியே போனது.

பஸ்ஸில் பேச்சு இதுதான்: "கோட்டாவுல வந்தவன்ட்ட கடைசிப் பந்தக் கொடுத்தா வேற என்னா நடக்கும்?" அவனுக்குக் கொடுக்காமல் விட்ட முப்பது பந்தை எவனும் பேசவில்லை. கொடுத்த ஒரு பந்தைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த வாரம் அணியில் ஒருத்தன் ஸ்ரீரங்கத்து வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டான். உள்ளே கூடத்தில் எட்டு இலை. திண்ணையில் இரண்டு இலை. "அங்க எடம் பத்தாது, தப்பா நெனச்சிக்காதீங்கப்பா" என்று அந்த வீட்டு அம்மா நல்ல விதமாகத்தான் சொன்னார்கள். அந்த நல்ல விதம்தான் தொண்டையில் இறங்கவில்லை. லால்குடி இலையை மடித்துப் போட்டுவிட்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து கிரவுண்டுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் அந்த அணி முதல் சுற்றிலேயே வெளியே வந்தது. காரணம் கேட்டவர்களுக்கு, நல்ல ஷூட்டர் இல்லை என்று சொன்னார்கள்.

இப்போது சொல்லுங்கள், ஜெயிக்க வேண்டிய அந்த மேட்ச்சில் தோற்றது யார்?

5

தோற்றால் பழி. சரி, ஜெயித்தால்?

2025 மார்ச் 10. தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து, இறக்கி, அரிவாளால் வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி ஆதிக்க சாதிக்காரர்கள் அணியை ஜெயித்தது, அந்தக் காழ்ப்புதான் என்று குடும்பம் சொன்னது. பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் டாக்டர்கள் விரல்களை மறுபடி ஒட்டவைத்தார்கள். கபடியில் எதிராளியைப் பிடிக்கிற கை. பரீட்சையில் பேனா பிடிக்கிற கை. வெட்டியவனுக்கு எந்த இடத்தை வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

தோற்றால் ஹரித்வார், ஜெயித்தால் ஸ்ரீவைகுண்டம். "நல்லா வெளையாடு தம்பி, சாதியெல்லாம் தானா போயிடும்" என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு தலித் பிள்ளை நிற்க இடம் எது என்று காட்டட்டும்.

2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் இருக்கிற சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நல்லது. ஆனால் கயிறு கட்டாமலேயே பந்தைத் தடுத்து வைக்கிற மணிக்கட்டுகளை என்ன செய்வது? கண்ணுக்குத் தெரிகிற கயிற்றை அறுத்துவிடலாம். பாஸ் கொடுக்காத கையில் எதைப் பிடித்து அறுப்பது?

6

"அப்படியானால் திறமை இல்லாதவனையும் சாதிக்காக எடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா. திறமையை நாங்கள்தான் கேட்கிறோம். திறமைக்கு விரோதமாக இத்தனை காலம் சாதிக்காக ஆள் எடுத்தது நீங்கள். பாலுவைக் கேப்டன் ஆக்காதது திறமையா? மூணு வருஷம் போட்டிக்கே போகாமல் மிசிசிப்பியில் உட்கார்ந்திருந்தது திறமையா? தனியாக நிற்கிற ஷூட்டருக்குப் பந்து கொடுக்காமல் இரண்டு பேருக்கு நடுவில் போய் மாட்டிக்கொள்வது திறமையா? கூடைப்பந்தில் அதற்குப் பெயர் முட்டாள்தனம். சாதி என்பது அநீதி மட்டுமில்லை. அது ஒரு மட்டமான வியூகமும்கூட.

அரசியல் சட்டத்தின் முகப்புரையில் சகோதரத்துவம் என்று ஒரு சொல்லை அம்பேத்கர் வலியுறுத்தி வைத்தார். சுதந்திரமும் சமத்துவமும் சட்டம் போட்டு வந்துவிடலாம், இது இல்லாமல் அவை நிற்காது என்பது அவர் கவலை. அந்தச் சொல்லுக்குக் கிரவுண்டில் பாஸ் என்று பெயர். என்னைவிட நல்ல இடத்தில் நிற்கிறவனை நான் பார்க்கிறேன், அவனை நம்புகிறேன், என் கையில் இருப்பதை அவன் கையில் கொடுக்கிறேன். ஐந்து பேருக்குள் இது இல்லாத இடத்தில் அணி இல்லை. ஒரே நிறத்தில் பனியன் போட்ட ஐந்து பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஆட்களிடமும் ஒரு வார்த்தை. "வெளையாட்டு என்னத்துக்கு? படிச்சமா, கெவுருமெண்டு உத்தியோகத்துக்குப் போனமான்னு இரு" என்று பிள்ளையைக் கிரவுண்டிலிருந்து இழுத்து வருகிற அப்பா அம்மா நம்மிடம் அதிகம். அவர்கள் பயம் நியாயமானது. விழுந்தால் தாங்க ஆளில்லாத வீடு. ஆனால் கிரவுண்டை விட்டுக்கொடுத்தால் அதுவும் அவர்களுக்கே பட்டா ஆகிவிடும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா இருந்தார். நகரத்துக் குடிசைகளைப் பிடுங்கி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்க யோசித்த நகரம், இப்போது அதே முகவரியைச் சொல்லிப் பெருமைப்படுகிறது. தோளில் தூக்குகிறார்கள். தூக்கட்டும். நாளைக்கு ஒரு ரைடில் தோற்றால் என்ன சொல்வார்கள் என்பதையும் நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.

வெறுமனே புலம்பிப் பயனில்லை. திருச்சிக் கல்லூரிகளில் படிக்கிற தோழர்கள் இந்த வருஷமே கேட்கக்கூடியவை சில இருக்கின்றன. அணித் தேர்வு பிசிக்கல் டைரக்டரின் மனசுக்குள் நடக்கக் கூடாது. தேர்வுக்கு வந்த எல்லோர் பெயரும், ஓட்டம், எறிதல், தற்காப்பு என்று அவரவர் வாங்கிய மதிப்பெண்ணும் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். கேப்டன் பதவி வருஷா வருஷம் ஆடுகிறவர்களின் ரகசிய ஓட்டில் வர வேண்டும். பயணப்படியும் ஷூவும் போட்டிக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். பில் கொடு, அப்புறம் தருகிறோம் என்றால், கையில் காசுள்ளவன் மட்டும்தான் வெளியூர் போவான். பயிற்சி முடிந்து வருகிற பையனுக்கு விடுதி மெஸ்ஸில் சோறு எடுத்து வைக்க வேண்டும். ராத்திரி ஏழரைக்கு அண்டாவைக் கவிழ்த்துவிட்டால் அவன் எதைத் தின்று ஓடுவான்? சாதி சொல்லித் திட்டியவன் எத்தனை பாயின்ட் போடுகிறவனாக இருந்தாலும் பெஞ்சில் உட்கார வேண்டும், வழக்கும் பதிவாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆட்டத்தில் எத்தனை பாயின்ட், எத்தனை ஃபவுல் என்று மேசைக்காரர்கள் எழுதுகிறார்கள். யாருக்கு எத்தனை பாஸ் வந்தது என்று எவனும் எழுதுவதில்லை. அதை நாம் எழுதுவோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தோழரே, உங்களிடம் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும். ஐந்து பெயர், ஐந்து கட்டம், ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு கோடு. ஒரு சீசன் முழுக்க எழுதுங்கள். எழுதி, கல்லூரி முதல்வர் மேசையில் வையுங்கள். ஏன் தோற்றோம் என்று அப்புறம் அவர்கள் சொல்லட்டும்.